அறுபத்தோராம் நாள்

தம்பி கத்தாருக்குப் போனபோது
கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான்.
நாகர்கோவிலில் அசெம்பிள் பண்ணினது. நாலு ஜிபி ரேம்.
இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரும்.
ஒயரை ஒருவிதமாய்ப் பிடித்தால் வலப்பக்கத்திலும்.

பாட்டு செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது என்று
முதலில் ஜெரோனிடம்தான் கேட்டேன்,
முளகுமூடு சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பவன்.
எதுக்கு? என்றான்.
அதற்கு நான் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.

பிறகு ஒரு பென்டிரைவ் தந்தான்.
எல்லாம் உண்டு இதில, அறுபதாயிரம் ரூவா சாதனம், சும்மா.
ஆன்டிவைரஸ மட்டும் கொஞ்ச நேரம் அணைச்சிரணும்.
நாயைக் கட்டிப்போடு, அப்புறம் வருகிறேன் என்கிற விருந்தாளியை
எந்த வீட்டில் ஏற்றுவார்கள்?
மூன்று நாள் கைப்பையிலேயே கிடந்தது.
திருப்பிக் கொடுத்தபோது
போட்டாச்சா? என்றான்.
போட்டாச்சு.
ஹாலோ பிளாக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவளுக்கு
இதைவிடப் பெரிய பொய்களும் பழக்கம்தான்.

இரண்டாவது, பார்க்க அழகு.
பொத்தானெல்லாம் ஆரஞ்சு மிட்டாய்.
சேமிக்கலாம்; காசு கட்டும்வரை திரும்பத் திறக்க முடியாது.
இது தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க இருந்து
ஏதோ ஒன்று செய்தேன்.
இப்போது பெயரும் தேதியும் மட்டும் இருக்கிறது,
கல்லறைத் தோட்டத்தில்போல.

மூன்றாவது வந்தவுடன்
மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.
குறைந்தது எட்டு ஜிபி, பதினாறு என்றால் சந்தோஷம்.
இதே குரலில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து
சிலர் எண் சொல்லியிருக்கிறார்கள்.
அது பவுன். ஒரு சுழி கூடுதல்.

நாலாவது சின்னது. சாம்பல் நிறம்.
மழையில் நெட் விட்டுவிட்டு வந்தும்
சாயா ஆறுவதற்குள் இறங்கிவிட்டது.
திறந்தால் ஒன்றுமில்லை,
ஏலா நிரத்திக் கல் நட்ட மனைகள்போல
கோடு கோடாய்க் காலி.
அறுபது நாள் சும்மா பாரு, பிடித்தால் வாங்கு என்றது.
பெயர் கேட்டது.
மரிய லிஜி.
சம்பள ரசீது தவிர வேறெதிலும்
முழுப்பெயர் எழுதி நாளாகியிருந்தது.

கீயை அழுத்தினால் சத்தம் கொஞ்சம் கழித்து வந்தது.
தம்பி போனில் பேசுவதுபோல,
என் ஹலோ போய்ச் சேருமுன் அவன் ஹலோ வந்து விழும்.
செட்டிங்கில் ஓர் எண்ணைப் பாதியாக்கினேன்.
சீக்கிரம் வந்தது, நொறுங்கி வந்தது.
மறுபடி கூட்டினேன்.
விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவே
எனக்குத் தாங்குகிற தூரம் எவ்வளவென்று இப்போது தெரியும்:
இருநூற்று ஐம்பத்தாறு.

வேகத்தைத் தானாகவே நூற்றிருபதில் வைத்திருந்தது.
யாருக்கு அத்தனை அவசரம்?
தட்டிக் காட்டினால் எண்ணைச் சொல்லுமாம்.
கண்ணை மூடித் தட்டினேன்.
அழகியமண்டபத்தில் பகலெல்லாம்
என் ஜன்னலுக்கு வெளியே கல் அச்சு இடிக்கிற தாளம்.
அறுபது என்றது.
எரிச்சல்தான் வந்தது.
மாற்றவில்லை.

கரண்ட் மூன்று தடவை போனது.
இரண்டு தடவை சேமித்திருந்தேன்.

நேற்றோடு நாள் முடிந்தது.
இன்று திறந்தால் நடுவில் ஒரு பெட்டி:
நீ இன்னும் வாங்கவில்லை.
பூட்டவில்லை. ஐந்து விநாடி நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான்,
பற்று நோட்டை எடுக்காமல்
முகத்தை மட்டும் பார்க்கிற பலசரக்குக் கடைக்காரர் மாதிரி.
தருவேன்.
ஐப்பசிச் சீட்டு என் பெயரில் விழட்டும்.

அதுவரைக்கும்
நிற்கச் சொன்ன நேரத்தை மேசையில் தட்டுகிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
ஐந்தில் திறக்கிறது.
இடப்பக்கத்தில் முதல் அடி.
ஒயரைப் பிடிக்க ஒரு கை,
மிச்சத்துக்கு ஒரு கை.